முறையாக டென்ஷன் ஆவது எப்படி?

இது கிள்ளான் பள்ளத்தாக்கு வாசிகளுக்கான கையேடு. ஈப்போ, பினாங்கு, ஜொகூர் அன்பர்களும் படிக்கலாம். செய்து பார்த்து ஏதாவது ஆனால் எழுதியவர் பொறுப்பல்ல.

மன அழுத்தத்தைக் குறைக்க வழி சொல்பவர்களுக்கு ஊரில் பஞ்சமில்லை. கம்பெனிகளில் வருடத்துக்கு ஒரு நாள், மதியச் சாப்பாட்டு நேரத்தில், பீட்சா வாங்கிக் கொடுத்து ஒரு கூட்டம் நடத்துவார்கள். கண்ணை மூடச் சொல்வார்கள். "உங்களுக்குள் இப்போது என்ன உணர்ச்சி இருக்கிறது என்று பாருங்கள்" என்பார்கள். பார்த்தால் பசிதான் இருக்கும். மூச்சை இழுத்து, நிறுத்தி, விட்டு, கைதட்டி முடித்ததும், கூட்டத்தில் போன ஒரு மணி நேர வேலையை ஈடுகட்ட எல்லாரும் அன்று சாயங்காலம் ஒரு மணி நேரம் கூடுதலாக உட்கார்ந்திருப்பார்கள்.

இந்தக் கையேட்டுக்கு அவ்வளவு பெரிய லட்சியம் கிடையாது. டென்ஷனைப் போக்குவதாக இது வாக்குக் கொடுக்கவில்லை. எப்படியும் ஆகத்தான் போகிறோம். ஆகிற டென்ஷனை வகை பிரித்து, அளவு பார்த்து, சேர வேண்டியவரிடம் சேர்ப்பது எப்படி என்பது மட்டுமே இதில் உண்டு.

தேவையான பொருட்கள்

கடன் முடியாத கார் அல்லது மோட்டார், ஒன்று. மிச்சத்தொகை தீரும் நிலையில் ஒரு டச் அண்ட் கோ கார்டு. மேலதிகாரி, ஒருவர் போதும். இருவர் இருந்தால் பலன் விரைவில் தெரியும். வாட்சப் குழுக்கள், குறைந்தது மூன்று: குடும்பம், கோயில், தமிழ்ப்பள்ளி பெற்றோர். சொந்தக்காரர்கள், தேவைக்கேற்ப. உணர்ச்சிகள் கையிருப்பில் உள்ளவையே போதும்.

படி 1: வந்திருப்பது யாரென்று பாருங்கள்

மேலதிகாரி ராத்திரி பத்தரைக்கு "சின்ன விஷயம்தான்" என்று செய்தி அனுப்புகிறார். டென்ஷன். மகளுக்கு எஸ்.பி.எம். தேர்வில் நல்ல தேர்ச்சி, ஆனால் மெட்ரிகுலேஷன் இடம் கிடைக்கவில்லை. டென்ஷன். மைத்துனர் பூச்சோங்கில் இரண்டாவது வீடு வாங்கிவிட்டு, பால் காய்ச்ச நம்மைத்தான் முதலில் கூப்பிடுகிறார். அதுவும் டென்ஷன்.

மூன்றும் ஒன்றல்ல. முதலாவது பயம். இரண்டாவது, நியாயம் கிடைக்காததால் வந்த கோபம். மூன்றாவதன் பெயர் எல்லாருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டோம். பயத்துக்குத் தேவை போனை அணைத்துவிட்டு ஒரு தூக்கம். கோபத்துக்குத் தேவை மேல்முறையீட்டு மனு. மூன்றாவதற்குத் தேவை ஒரு நல்ல குத்துவிளக்கும், அதைக் கொடுக்கும்போது முகத்தில் கொஞ்சம் கட்டுப்பாடும். எல்லாவற்றையும் டென்ஷன் என்ற ஒரே மூட்டையில் கட்டினால், மனு போட வேண்டிய நேரத்தில் தூங்கிவிட்டு, தூங்க வேண்டிய நேரத்தில் மைத்துனருக்கு மனு எழுதிக்கொண்டிருப்போம்.

வகை பிரிக்கப் பட்டியல் வேண்டுமென்றால் வெளியூரிலிருந்து பயிற்சியாளரை வரவழைக்க வேண்டாம். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு உணர்ச்சிகளைச் சொல்கிறது: அச்சம், வெகுளி (கோபம்), அழுகை, இளிவரல் (இழிவு), மருட்கை (வியப்பு), பெருமிதம், நகை, உவகை. ஒவ்வொன்றும் எதனால் வரும் என்று நந்நான்கு காரணங்களும் கொடுத்திருக்கிறது, ஆக முப்பத்திரண்டு. அச்சத்துக்கு அங்கே சொல்லியிருக்கும் நான்கு காரணங்களைப் பாருங்கள்: அணங்கு, விலங்கு, கள்வர், தனக்கு மேலே இருக்கும் தலைவர். அணங்கும் விலங்கும் நகரத்தில் குறைந்துவிட்டன. கள்வர் இப்போது நேரில் வருவதில்லை. போனில் கூப்பிட்டு, உங்கள் பெயரில் வரி பாக்கி, போலீஸ் புறப்பட்டுவிட்டது என்கிறார். நான்காமவர் கண்ணாடி அறைக்குள் அப்படியே இருக்கிறார். இவ்வளவு பழைய பட்டியலில் உங்கள் மேலதிகாரிக்கு ஒரு நிரந்தர இடம் உண்டு என்பதே பாதி ஆறுதல்.

பெயர் சொல்வதால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு: கலிபோர்னியாவில் மேத்யூ லீபர்மனும் அவருடைய குழுவினரும் 2007-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஆட்களை மூளையைப் படமெடுக்கும் கருவிக்குள் படுக்க வைத்து, கோபமும் பயமும் தெரிகிற முகங்களைக் காட்டினார்கள். அந்த உணர்ச்சிக்குப் பொருத்தமான சொல்லை அவர்கள் தேர்ந்தெடுத்தபோது, ஆபத்து ஆபத்து என்று கத்தும் மூளைப்பகுதியின் பரபரப்பு குறைந்தது. நம் ஊரில் இதற்கு அவ்வளவு பெரிய கருவி வேண்டாம். வரவேற்பறையில் ஓர் உண்டியல் வையுங்கள். "டென்ஷனா இருக்கு" என்று சொல்பவர் ஐம்பது காசு போட வேண்டும். "மைத்துனர் வீட்டைப் பாத்து வயிறு எரியுது" என்பவருக்குக் கட்டணம் இல்லை. மாதக் கடைசியில் உண்டியலில் இருப்பதை எடுத்துக் குடும்பத்தோடு ரொட்டி சானாய் சாப்பிடலாம். முதல் மாதம் முட்டை ரொட்டியே கிடைக்கும்.

படி 2: ஃபெடரல் ஹைவேயில் மூச்சுவிடப் பழகுங்கள்

வால்டர் கேனன் என்ற அமெரிக்க உடலியல் அறிஞர் 1915-ல் எழுதிய புத்தகத்தில் விளக்கியபடி, ஆபத்தைக் கண்டதும் உடம்பு இரண்டுக்குத் தயாராகிறது: சண்டை போட அல்லது ஓட. இதயம் வேகமெடுக்கும், தசைகள் இறுகும், கல்லீரல் சேர்த்து வைத்த சர்க்கரையை ரத்தத்தில் விடும். சாயங்காலம் ஆறரைக்கு பத்து தீகா பக்கம் நிற்கும்போதும் இதெல்லாம் ஒழுங்காக நடக்கிறது. உடம்பு புலிக்குத் தயாராகிவிட்டது. எதிரே நிற்பதோ வெள்ளை மைவி கார். சண்டையும் போட முடியாது, ஓடவும் முடியாது. அவிழ்த்துவிட்ட சர்க்கரையை வைத்துக்கொண்டு பிரேக்கை மிதித்தபடி உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

கோலாலம்பூரையும் கிள்ளானையும் இணைக்கும் இந்தச் சாலையில் பத்து தீகாவிலும் சுங்கை ராசாவிலும் டோல் கட்டிக்கொண்டிருந்தோம். 2018 ஜனவரி 1 முதல் அது ரத்தானது. அன்றிலிருந்து காசு கொடுக்காமலேயே நிற்கலாம்.

நிற்கிற நேரத்தில் பார்க்க ஓர் இடம் உண்டு. பங்சார் தாண்டி பெட்டாலிங் ஜெயாவுக்குள் நுழையும் இடத்தில் சாலைக்குக் குறுக்கே நிற்கும் பெரிய வளைவு, கோத்தா டாருல் ஏசான். 1974 பிப்ரவரி 1-ல் சிலாங்கூரின் தலைநகராக இருந்த கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசமாகப் பிரிந்து போனதன் நினைவாக எழுப்பப்பட்டு, 1982-ல் திறக்கப்பட்டது. ஊரை விட்டுக்கொடுத்தபோது சுல்தான் சலாஹுடின் அப்துல் அசிஸ் ஷா கண்கலங்கினார் என்று இன்றும் சொல்வார்கள். தொல்காப்பியப் பட்டியலில் அழுகையின் நான்கு காரணங்களில் ஒன்று இழவு, அதாவது இழந்து போவது. ஒரு மன்னருக்கு வந்த துக்கத்துக்கு ஊரறிய வளைவு கட்டி வைத்திருக்கிறார்கள். அதன் கீழே தினமும் போய் வரும் நாம் நம்முடைய துக்கத்துக்கு ஹாரன் அடிக்கிறோம்.

பயிற்சி இதுதான். முதலில் தோள் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். காதுக்குப் பக்கத்தில் இருந்தால் கீழே இறக்குங்கள். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். கடித்திருந்தால் எந்த வாக்கியத்தைக் கடித்து வைத்திருக்கிறீர்கள் என்றும் பாருங்கள். மூன்றாவதாக, மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக்குங்கள். அப்போது இதயத் துடிப்பு தணியும். இது மருத்துவம், நம்பலாம். லோரிக்குப் பின்னால் நிற்கும்போது மட்டும் செய்ய வேண்டாம். மோட்டாரில் போகிறவர்களுக்கு இந்தச் சாலையில் எழுபதுகளிலேயே தனித் தடம் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். அவர்கள் நம்மைத் தாண்டிப் போகும்போது வருவது இளிவரலா வெகுளியா என்று வகை பிரித்துப் பழகலாம்.

படி 3: சிரிப்புக்குக் கணக்கு வையுங்கள்

பெட்டாலிங் ஜெயாவில் ஒரு கால் சென்டர். கிள்ளானிலிருந்து கொமியூட்டர் பிடித்து வரும் பெண், காதில் ஹெட்செட். கணினித் திரையின் ஓரத்தில் உள்ளங்கை அகலத்தில் ஒரு கண்ணாடி ஒட்டியிருக்கிறது. அழகு பார்க்க அல்ல; முகம் சிரித்தால் குரலும் சிரிக்கும் என்று பயிற்சியில் சொல்லிக் கொடுத்ததால். மறுமுனையில் ஒருவர் இணையம் மூன்று நாளாக வரவில்லை என்று வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்கிறார். அவள் கண்ணாடியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது, சார்" என்கிறாள். கம்பியை அறுத்தவள் அவள் இல்லை. ஒட்டப் போகிறவளும் அவள் இல்லை.

ராத்திரி எட்டு மணிக்கு வீட்டுக்குள் நுழைகிறாள். அம்மா அடுப்படியிலிருந்து கேட்கிறார்: "சாப்பிட்டியா மா?"

"வந்ததும் வராததுமா ஏம்மா நொய்நொய்ங்கிறீங்க!"

அம்மா செய்த தவறு ஒன்றுதான்: அன்றைய வரிசையில் கடைசியாக நின்றது.

ஆர்லி ஹாக்ஷீல்ட் என்ற சமூகவியலாளர் 1983-ல் வெளியிட்ட புத்தகம் இந்த வேலையைத்தான் ஆராய்ந்தது. விமானப் பணிப்பெண்களையும் கடன் வசூலிப்பவர்களையும் அவர் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒருவருக்கு வராத சிரிப்பை வரவழைக்கச் சம்பளம். மற்றவருக்கு வராத முறைப்பை வரவழைக்கச் சம்பளம். இரண்டுமே உழைப்புதான் என்றார். கிள்ளான் பள்ளத்தாக்கில் ஓட்டல் முகப்பு, மருத்துவமனை வரவேற்பு, வங்கி, கைப்பேசிக் கடை என்று இந்த உழைப்பைச் செய்கிறவர்கள் ஏராளம். சம்பளச் சீட்டில் ஓவர்டைமுக்கு ஒரு வரி உண்டு, சிரிப்புக்கு இல்லை.

செய்முறை: வேலை முடிந்ததும் முகத்துக்குப் பத்து நிமிடம் விடுமுறை கொடுங்கள். கேஎல் சென்ட்ரலில் ரயிலுக்கு நிற்கும் நேரம் பொருத்தமானது. எந்தப் பாவமும் இல்லாமல் நில்லுங்கள். யாரும் வித்தியாசமாகப் பார்க்க மாட்டார்கள். அந்த மேடையில் எல்லார் முகமும் அப்படித்தான் இருக்கும்.

படி 4: தே தாரே விஷயத்தில் நீதி தவறாதீர்கள்

பிரிக்ஃபீல்ட்ஸ், ஜாலான் துன் சம்பந்தன், மதியம் ஒரு மணி. இந்தச் சாலையை 2010 அக்டோபரில் இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங் வந்து லிட்டில் இந்தியாவாகத் திறந்து வைத்தார். தோரணங்களும் வண்ணங்களும் வந்தன, மதிய நேரத்தில் உட்கார இடம் மட்டும் வரவில்லை. எப்படியோ இடம் பிடித்து உட்கார்ந்த ஒருவர், கண்ணாடிக் குவளையை ஒரு வாய் குடித்துவிட்டுக் கீழே வைக்கிறார். வைக்கிற சத்தத்தில் பக்கத்து மேசை திரும்பிப் பார்க்கிறது.

"தம்பி, இனிப்பு கம்மின்னு எத்தன தடவ சொல்றது? காது கேக்காதா?"

"சாரி பாஸ். மாத்தித் தரேன் பாஸ்."

தம்பி ராமநாதபுரத்திலிருந்து வேலை பெர்மிட்டில் வந்தவர். அவருக்குத் தெரியாத ஒன்று உண்டு. அன்று காலை கூட்டத்தில், குவளை வைத்தவர் இரண்டு வாரம் உட்கார்ந்து செய்த வேலையை வேறொருவர் பெயரில் மேலதிகாரி படித்தார். அப்போது இவர் சொன்னது: "ஓகே பாஸ்." காலையில் இவர் ஒருவரை பாஸ் என்றார், மதியம் ஒருவர் இவரை பாஸ் என்றார். இரண்டுக்கும் நடுவில் அந்தக் கோபம் ஒரு படி கீழே இறங்கியிருக்கிறது. அதோடு நிற்கவும் போவதில்லை. ராத்திரி கடை சாத்திய பிறகு தம்பி ஊருக்குப் போன் போடுவார். அந்தப் பக்கம் திட்டு வாங்கும் மனைவிக்கும் கோலாலம்பூரில் நடந்த அந்தக் கூட்டத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. கிள்ளான் பள்ளத்தாக்கிலிருந்து கடல் கடந்து போகும் சரக்குகளில் இதுவும் ஒன்று, சுங்கவரி கிடையாது.

யேல் பல்கலைக்கழகத்தில் ஜான் டாலர்டும் அவருடைய தோழர்களும் 1939-லேயே இதைப் பற்றிப் புத்தகம் எழுதிவிட்டார்கள். ஆசைப்பட்டது தடைபடும்போது கோபம் வருகிறது. தடுத்தவர் பலசாலியாக இருந்தால் அந்தக் கோபம் எளியவர் மேல் திரும்புகிறது என்பது அதன் சாரம்.

செய்முறை: திட்டுவதற்கு முன் விலையைப் பாருங்கள். மூன்று வெள்ளி தேநீருக்கு மூன்று வெள்ளிக் கோபம் நியாயம். "தம்பி, இனிப்பு கூடிடுச்சு, வேற போட்டுத் தர்றீங்களா?" என்பது மூன்று வெள்ளி பெறும். அதற்கு மேல் வருவதெல்லாம் வேறு யாருக்கோ சேர வேண்டியது. அதைப் பொட்டலம் கட்டி எடுத்துக்கொண்டு அடுத்த படிக்கு வாருங்கள்.

படி 5: விலாசத்தைச் சரிபாருங்கள்

இந்தக் கையேட்டின் முக்கியமான படி இது. அவசரக்காரர்கள் மற்றதைத் தாண்டிவிட்டு இதை மட்டும் படிக்கலாம்.

நம் கோபம் பெரும்பாலும் தவறான விலாசத்துக்குப் போய்ச் சேருகிறது. இந்தப் பழக்கம் நகரத்தில் புதிதாக வந்ததல்ல. இன்று தாமான்களாகவும் பேரங்காடிகளாகவும் இருக்கிற இடங்களில் பல ஒரு காலத்தில் தோட்டங்கள். சுபாங் ஜெயாவே சீஃபீல்ட் தோட்டத்தின் மேல் எழுந்த ஊர்தான். தோட்டத்தில் கோபம் மேலிருந்து கீழே ஒழுங்காக இறங்கி வந்தது. துரை கிராணியைத் திட்டினார். கிராணி கங்காணியைத் திட்டினார். கங்காணி காலைப் பெரட்டில் தொழிலாளியைத் திட்டினார். தொழிலாளி லயத்துக்கு வந்து மனைவியைத் திட்டினார். மனைவி பிள்ளையை அடித்தார். பிள்ளைக்கு நாய் அகப்பட்டது. மன உளைச்சலுக்கு நிர்வாகமும் ஒரு நலத்திட்டம் வைத்திருந்தது: சம்பளத்தைத் தோட்டத்துக்குள்ளேயே திரும்பப் பெற்றுக்கொள்ளும் கள்ளுக்கடை.

1941-ல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் இந்த வரிசை அறுந்தது. தமிழ் நேசன் பத்திரிகையில் பணியாற்றிய ஆர்.எச். நாதனும் கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தைச் சேர்ந்தவர்களும் தொழிலாளர்களைத் திரட்டினார்கள். வேலைநிறுத்தம் தோட்டம் தோட்டமாகப் பரவியது. நிர்வாகத்தின் முன் வைத்த கோரிக்கைகளை இன்று படித்தால், உணர்ச்சிகளை வகை பிரிப்பதில் இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. சீனத் தொழிலாளர்களுக்கு இணையான கூலி வேண்டும். இது நியாயம் பற்றியது. பெண்களிடம் அத்துமீறுவதை நிறுத்த வேண்டும். இது வெகுளி, தன் குடிக்குக் கேடு வந்தால் வருவது. கொடுமைப்படுத்தும் அலுவலர்களை நீக்கித் தமிழ் பேசுபவர்களைப் போட வேண்டும். கள்ளுக்கடைகளை மூட வேண்டும். பிள்ளைகளுக்கு ஒழுங்கான பள்ளி வேண்டும். பத்து, பன்னிரண்டு மணி நேர வேலை கூடாது.

இவற்றோடு இன்னொன்று: துரையோ அலுவலரோ எதிரே வரும்போது சைக்கிளை விட்டு இறங்காமல் போக அனுமதி வேண்டும்.

இதற்குக் காசு செலவில்லை. உற்பத்தியும் குறையாது. ஆனாலும் கூலி உயர்வுக்குப் பக்கத்தில் அதையும் எழுதி வைத்தார்கள். தினமும் காலையில் ஒரு காலைத் தூக்கி இறங்கி, வண்டியைப் பிடித்துக்கொண்டு தலைகுனிந்து நின்று, துரை போன பிறகு மறுபடி ஏறுவதில் எந்த உணர்ச்சி வருகிறது என்று அவர்களுக்குத் துல்லியமாகத் தெரிந்திருந்தது. அதை மனைவியிடமோ பிள்ளையிடமோ அவர்கள் கேட்கவில்லை. யார் இறங்க வைத்தாரோ அவரிடமே கேட்டார்கள். அதற்கு முன் கண்ணை மூடி மூச்சுப் பயிற்சி செய்ததாகத் தகவல் இல்லை.

பதில் நல்லபடியாக வரவில்லை. மே மாதம் ஆங்கிலேய ஆட்சியாளர்கள் நாதனைக் கைது செய்து இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். படையை இறக்கினார்கள், துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். விலாசம் சரியாக இருந்தால் பதிலும் சரியாக வரும் என்று இந்தக் கையேடு சொல்லாது. ஆனால் அந்தக் கோபம் யாருக்கு உரியதோ அவருக்குப் போய்ச் சேர்ந்தது. அது வந்து சேர்ந்தது என்பதற்கு ஆட்சியாளர்கள் கொடுத்த ரசீதுதான் துப்பாக்கி.

செய்முறை: கோபம் வந்ததும் ஒரு தாளில் மூன்று வரி எழுதுங்கள். என்ன நடந்தது, எனக்கு என்ன வந்தது, யாரால் வந்தது. மூன்றாவது வரியில் இருக்கும் பெயரும் நீங்கள் இப்போது முறைத்துக்கொண்டிருக்கும் முகமும் ஒன்றுதானா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்றில்லை என்றால், முறைப்பதை நிறுத்துங்கள்.

படி 6: வாட்சப்பில் உடனே பதில் எழுதாதீர்கள்

குடும்பக் குழுவில் பெரியப்பா மகன் ஏதோ எழுதியிருக்கிறார். பெயர் சொல்லவில்லை, ஆனால் அது உங்களைப் பற்றித்தான் என்று குழுவில் இருக்கும் நாற்பது பேருக்கும் தெரியும். ராத்திரி பன்னிரண்டரைக்கு எழுதும் பதில் இலக்கியத்தரம் வாய்ந்ததாக இருக்கும். அதை எழுதுங்கள், உங்களுக்கே அனுப்பிக்கொள்ளுங்கள். காலையில் பசியாறிய பிறகு படித்துப் பாருங்கள். அப்போதும் நன்றாக இருந்தால், பெரியப்பா மகனுக்கே போன் போட்டுச் சொல்லுங்கள். மீதி முப்பத்தெட்டுப் பேருக்கும் குட் மார்னிங் ரோஜாப்பூ படம் போதும்.

படி 7: வாசற்படியில் நான்கு வாக்கியங்கள்

இரவு ஏழே முக்கால். கிள்ளானில் ஒரு தாமான், இணைப்பு வீடு. தேநீர்க் கடையில் குவளை வைத்தவர் செருப்பைக் கழற்றுகிற விதத்திலேயே மனைவிக்குத் தெரிந்துவிடுகிறது.

"என்னங்க, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?"

"ஒன்னுமில்ல."

"ஆபீஸ்ல ஏதாச்சும்?"

"ஒன்னுமில்லன்னு சொல்றேன்ல!"

இந்த இரண்டாவது "ஒன்னுமில்ல"தான் குடும்பங்களில் அதிகச் சேதம் செய்வது. அவருக்கு என்னவோ நடந்திருக்கிறது என்று சொல்லிவிட்டு, அதற்குக் காரணம் நீதான் என்ற தோற்றத்தையும் கொடுத்துவிடுகிறது. அதற்குப் பதிலாகக் கீழ்க்கண்ட வாக்கியங்களைப் பயன்படுத்தவும்: "ஆபீஸ்ல என் வேலைய வேற ஒருத்தர் பேர்ல படிச்சிட்டாங்க. அவமானமா இருக்கு. உன் மேல கோவம் இல்ல. குளிச்சிட்டு வந்து பேசறேன்." பத்து விநாடிக்கு மேல் ஆகாது. கடைசி இரண்டு வாக்கியங்களைத் தவறவிட வேண்டாம்; குறிப்பாகக் குளித்துவிட்டு வந்து பேசுங்கள்.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

*மேலதிகாரியிடம் சொன்னால் வேலை போய்விடாதா?*

போகலாம். கோபத்தை எல்லா நேரமும் கையில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்பதில்லை. தொழிற்சங்கம் வழியாகப் போகலாம், தொழிலாளர் இலாகா வழியாகப் போகலாம். வேலைச் சட்டத்தில் வாரத்துக்கு 48 மணியாக இருந்த வேலை நேரம் 2023 ஜனவரி 1 முதல் 45 ஆனது. ஒழுங்காக மூச்சுவிட்டும் களைப்பு தீரவில்லை என்றால், முதலில் மணிக்கணக்கைக் கூட்டிப் பாருங்கள். வியாதி உங்கள் மனத்திலா, வேலை அட்டவணையிலா என்று தெரியும்.

*மனநல டாக்டரிடம் போனால் தஞ்சோங் ரம்புத்தான் என்று பட்டம் கட்டிவிடுவார்களே?*

பேராவில் தஞ்சோங் ரம்புத்தான் மனநல மருத்துவமனை 1911-ல் திறக்கப்பட்டது. நூறு வருடத்துக்கு மேலாக நாம் அந்த ஊரின் பெயரை வசவாக வைத்திருக்கிறோம். அந்தப் பெயரில் ஒரு பழம் இருப்பது யாருக்கும் நினைவில்லை. சுகாதார அமைச்சின் 2023 தேசிய ஆய்வில் பெரியவர்களில் 4.6 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வு நோய் இருப்பது தெரிந்தது. 2019-ல் அது 2.3. 2023-ன் விழுக்காட்டைத் தலைக்கணக்காக்கினால் கிட்டத்தட்ட பத்து லட்சம் பேர். எல்லாரையும் அனுப்ப தஞ்சோங் ரம்புத்தானில் இடம் கிடையாது. வீட்டுக்குப் பக்கத்து அரசாங்க கிளினிக்கில் ஒரு வெள்ளி கட்டி டாக்டரைப் பார்த்தாலே தொடங்கிவிடலாம்.

*வாழவே வேண்டாம் என்று தோன்றினால்?*

இந்தக் கேள்விக்கு மட்டும் கையேடு கேலியை ஓரம் வைக்கிறது. தற்கொலைக்கு முயன்றவருக்கு ஒரு வருடம் வரை சிறை என்று ஆங்கிலேயர் காலத்திலிருந்து தண்டனைச் சட்டத்தில் இருந்த 309-ஆம் பிரிவு 2023-ல் நீக்கப்பட்டுவிட்டது. முயன்றதைச் சொல்லி உதவி கேட்பவர் மேல் இப்போது குற்றம் வராது. 1970-லிருந்து இயங்கும் பிஃபிரெண்டர்ஸ் கோலாலம்பூர் அமைப்பின் தொண்டர்கள் இரவு பகலாகப் போனை எடுக்கிறார்கள்: 03-7627 2929. தமிழில் பேசுகிறவர் இருக்கிறாரா என்று கேட்டுப் பாருங்கள். சுகாதார அமைச்சின் ஹீல் எண் 15555. மூச்சுப் பயிற்சி, உண்டியல், மூன்று வரித் தாள் எல்லாம் அதற்குப் பிறகு.

*உணர்ச்சிகளைப் பற்றிப் பேசுவது ஆம்பளைக்கு அழகா?*

காலை முதல் ராத்திரி வரை எல்லாரிடமும் உணர்ச்சிதான் காட்டிக்கொண்டிருக்கிறோம். பேர் சொல்வதில் மட்டும்தான் கூச்சம்.

*ஏழு படிகளையும் ஒழுங்காகச் செய்தால் பிரிக்ஃபீல்ட்ஸில் பார்க்கிங் கிடைக்குமா?*

கிடைக்காது. மூன்றாவது சுற்றில் வெகுளி வரும். அப்போது பின்னால் உட்கார்ந்திருக்கும் மாமியாரைப் பார்க்காதீர்கள். அவர் கோயிலுக்குப் போகலாம் என்று சொன்னாரே தவிர, சாலையை வடிவமைக்கவில்லை. இடம் ஒதுக்க வேண்டியவர்கள் யாரோ, மாநகர மன்றமோ நகராண்மைக் கழகமோ, அவர்களுக்குப் படம் எடுத்து, சாலைப் பெயர், நேரம் போட்டுப் புகார் எழுதுங்கள். புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அடுத்த வாரம் அதே எண்ணைச் சொல்லி மறுபடி கேளுங்கள்.